கேட் இருந்த இடம்

கல்யாணக் கார்டு அச்சாகி வந்த அட்டைப்பெட்டி குவீன்ஸ்டவுன் வீட்டில் சாமி அலமாரிக்குக் கீழே கிடந்தது. பூங்காவனம் மேலாக ஒன்றை உருவி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அதோடு சரி. பிறகு அந்தப் பெட்டியைத் தானும் தொடவில்லை, வேறு யாரையும் தொட விடவுமில்லை.

சாமிக்கு அடுத்தது தாய்மாமனுக்கு. பெண்ணின் தாய்மாமன் கையில் தாம்பூலத்தோடு கார்டு கொடுக்காமல் ஊரை அழைப்பதில்லை என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். அவள் மகள் ரக்ஷனாவின் தாய்மாமன் கதிரேசன் எந்த ஊரில் இருக்கிறான், எந்தத் தெருவில் இருக்கிறான் என்று சொல்லத்தான் ஓர் ஆள் கிடைக்கவில்லை.

"கல்யாணம் கழுத்துக்கு வந்துருச்சு. அந்தப் பெட்டிய என்ன அடைகாக்குறியா?" என்று கேட்டார் அவள் புருஷன் கோதண்டபாணி.

"ஆமா. குஞ்சு பொரிச்சதும் கூப்பிடுறேன், வந்து பாருங்க."

பூங்காவனமும் கதிரேசனும் செம்பவாங் கடற்படைத் தளத்தில் கப்பலுக்குச் சாயம் பூசிய ரெங்கநாதனின் பிள்ளைகள். இரண்டே பேர். தகப்பனார் சீக்கிரமே போய்விட்டார். தாயார் வீடு வீடாகத் துணி துவைக்கப் போனதால் தம்பி அக்காள் இடுப்பிலேயே வளர்ந்தான். பெரியவனாகி கூலாயில் பெண்ணெடுத்து, எல்லை தாண்டி ஜொகூர்ப் பக்கம் குடிபோனான். போனாலும் ரக்ஷனாவுக்குக் காது குத்தும்போது அவன் மடியில்தான் உட்கார வைத்தார்கள். குழந்தை வீறிட்டதும் அவனும் சேர்ந்து அழுதுவிட்டான். அதைச் சொல்லிச் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சிரிப்பார்கள்.

தாயார் இறந்த அன்றுதான் எல்லாம் முறிந்தது. கொள்ளி வைக்க வேண்டிய ஒரே மகன் ஜொகூர்ப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டான். மண்டாய் தகனக் கூடத்தில் குறித்திருந்த நேரம் நெருங்கியது. "இத விட்டா நாளைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு கோதண்டபாணி மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். மருமகனே மகன் ஸ்தானத்தில் நின்று காரியத்தை முடித்தார். கதிரேசன் ஓடி வந்து சேர்ந்தபோது உலைக் கதவு மூடியாகிவிட்டது. அவன் சத்தம் போடவில்லை.

"எங்கம்மா எனக்காக இன்னும் கொஞ்ச நேரம் நின்னிருக்க மாட்டாளா, மச்சான்?" என்று மட்டும் கேட்டான்.

போனவன் போனவன்தான். கூலாய் வீட்டைக் காலி செய்தான். நம்பரை மாற்றினான். காது குத்திக்கொண்ட பிள்ளை படித்து, வேலைக்குப் போய், மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது. அவனிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

பூங்காவனத்துக்கு வேலை கேம்பல் லேனில், அப்துல் காதரின் பாத்திரக் கடையில். குத்துவிளக்கும் சீர்த்தட்டும் விற்கிற இடம். முகூர்த்த மாதம் வந்தால் தாய்மாமன்மார் வரிசையாக வருவார்கள். "எங்கக்கா பொண்ணுக்குக்கா, நல்லா பெருசா எடுங்க" என்பான் ஒருவன். "தட்டு கம்மியா இருந்தா மாப்ள வீட்டுல சிரிப்பாங்க" என்பான் இன்னொருவன். அவளும் சிரித்த முகமாக எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் பெரிய பெரிய தட்டுகளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது கடைசிப் படி வரைக்கும் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அப்படி ஒருநாள் தட்டு கட்டிக்கொண்டிருந்தபோதுதான் கைப்பேசியில் படம் வந்தது. அனுப்பியவள் கிள்ளானில் இருக்கும் பெரியம்மா மகள் கமலா. 'அக்கா, இது நம்ம கதிரேசன்தானே? புது மோட்டார் வாங்கிருக்கான் போல. ஒரு காவடிக் குழுவுல யாரோ போட்டுருந்தாங்க.'

பூங்காவனம் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தாள். புது மோட்டார் சைக்கிள். கைப்பிடியில் சாமந்தி மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். பக்கத்தில் தொப்பை போட்டு, முன்தலை வழுக்கையாகி, அவள் தம்பி. நிற்கிற நிலையில் தகப்பனார் அப்படியே இருந்தார். பின்னால் அரசமரம், மஞ்சள் துணி கட்டிய சூலம். அதற்கும் பின்னால் ஒரு ரயில் கேட். சிவப்பும் வெள்ளையுமாக நீளக் கட்டை, பெருக்கல் குறி மாதிரிப் பலகை, அதன் கீழே இரண்டு சிவப்பு விளக்கு, ஓரத்தில் நீலத் தகரம் போட்ட கேட்காரர் கொட்டகை. வண்டி நம்பர் 'ஜே'யில் தொடங்கியது. அப்படியானால் ஜொகூர் வண்டி.

கமலாவைக் கூப்பிட்டாள்.

"குழுவுல கேட்டுப் பாத்துட்டேன்கா. எல்லாரும் படிக்கிறாங்க, ஒருத்தர்கூட வாயத் திறக்கல. சொல்லக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கானோ என்னமோ."

அன்று தொடங்கியது பூங்காவனத்துக்கு. உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி சமையல்கட்டுக்கும் கூடத்துக்கும் நடந்தாள். அந்த வாரம் ரக்ஷனா கல்யாண மண்டபத்தைக் காட்டக் கைப்பேசியை நீட்டினாள்.

"மா, இங்க பாரு. இது ஹால் என்ட்ரன்ஸ். இப்படித் தள்ளுனா கார் பார்க். ரோட்டுல நடக்குற மாதிரியே போகலாம்."

"இது யாரு எடுத்த படம்?"

"மேப்காரங்கதான். கார் மேல கேமரா வச்சிட்டுப் போவாங்க. இந்த மஞ்சள் பொம்மைய எடுத்து எந்த ரோட்டுல போடுறியோ அந்த ரோடு தெரியும்."

"இதுல ஜொகூர் இருக்கா?"

"வேர்ல்டே இருக்குமா. எதுக்கு?"

பூங்காவனம் தன் கைப்பேசியை எடுத்தாள். புது வண்டி வாங்கினவன் வீட்டுப் பக்கத்துக் கோயிலில்தானே பூசை போடுவான்? அந்தக் கேட்டைக் கண்டுபிடித்தால் தம்பி வாசலைக் கண்டுபிடித்த மாதிரி. அவள் கணக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.

ஜொகூர் பாரு ஸ்டேஷனில் விரலை வைத்தாள். வரைபடத்தில் கறுப்புக் கோடாகப் போன தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனாள். எங்கெங்கே சாலை அந்தக் கோட்டைத் தாண்டியதோ அங்கெல்லாம் அந்தப் பொம்மையை இறக்கினாள். அதற்கு 'மஞ்சப் பொடியன்' என்று பெயரும் வைத்தாள். வேலைக்குப் போகிற பஸ்ஸில் பொடியன், அரிசி உலையில் கொதிக்கும்போது பொடியன், துணி காயப்போட்ட கம்பு கையில் இருக்க மறுகையில் பொடியன். சில இடத்தில் கேட் இருந்தது, விளக்கு இல்லை. சில இடத்தில் விளக்கு இருந்தது, கொட்டகை இல்லை. செம்பனைத் தோட்டத்துக்குள் வெறும் பலகை மட்டும் ஒற்றைக்காலில் நின்றது. கேட்டுக்கு முன்னால் நிற்கும் மோட்டார் சைக்கிள்காரர்களை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு முகத்தையும் புகை மாதிரி அழித்துவைத்திருந்தார்கள்.

"படுபாவிங்க. முகத்த மறைச்சிட்டா நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"அது பிரைவசிமா" என்றாள் ரக்ஷனா. "ஏம்மா இப்படி டென்ஷன் ஆகுற? மாமா இல்லாட்டி பரவால்ல லா. மாப்பிள்ளை வீட்டுல யாரும் கேக்க மாட்டாங்க."

"அவங்க கேக்க மாட்டாங்க. மணவறையில ஒனக்குப் பட்டம் கட்டத் தாய்மாமன் எங்கன்னு எங்கம்மா மேலேருந்து கேப்பா."

குழம்பு அடிப்பிடித்தது. கடையில் காமாட்சி விளக்கு கேட்டவருக்கு இட்லிக் கொப்பரையைக் கட்டிக் கொடுத்தாள். அப்துல் காதர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"பூங்காவனம், நீ கடையில இருக்கியா, ரயிலு கம்பிச்சடக்குல இருக்கியா?"

"ரயிலு வந்துச்சுன்னா வந்துர்றேன் பாய்."

"வர்ற ரயில்ல என்னையும் ஏத்திவிட்டுறாத புள்ள."

கோதண்டபாணி முதலில் எரிச்சல்பட்டார். அவர் ஜாலான் புசாரில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு லாரி ஓட்டுகிறவர். கிராஞ்சிப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளுக்குக் குழாயும் கம்பிவலையும் ஏற்றிப் போய், வெயிலில் வெந்து வீடு திரும்புவார். திரும்பினால் பெண்டாட்டி கைப்பேசிக்குள் கிடந்தாள். ஆனால் ஆர்வம் யாரை விட்டது? ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சாய்ந்து பார்த்தார்.

"இது இல்ல."

"ஏன் இல்ல? மரம் இருக்கு, கொட்டகை இருக்கு."

"ஒன் தம்பி படத்துல விளக்கு ரெண்டு. இதுல ஒண்ணுதான். கண்ணத் தொறந்து பாரு."

"தம்பின்னா மட்டும் உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுதே" என்றாள். அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். மறுநாள் தாமே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

லாயாங் லாயாங் தாண்டி, ரெங்கம் வருவதற்கு முன்னால், ஒரு சின்னச் சாலையில் பொடியனை இறக்கியபோது பூங்காவனம் கத்திவிட்டாள். அரசமரம். மஞ்சள் துணி. சூலம். நீலத் தகரம். பெருக்கல் பலகைக்குக் கீழே சிவப்பு விளக்கு, ஒன்று, இரண்டு. கோதண்டபாணி தம்பி படத்தைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கொட்டகைக் கூரையில் நெளிந்திருந்த தகரம்கூட அப்படியே இருந்தது.

அறையிலிருந்து ஓடி வந்த ரக்ஷனாதான் படத்தின் மூலையைச் சுட்டிக் காட்டினாள். "மா, இது பழைய படம். இரு, புது வருஷத்துப் படத்துக்கு மாத்துறேன்."

விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். கேட் மறைந்தது. கொட்டகை இல்லை, விளக்கு இல்லை, பெருக்கல் பலகை இல்லை. சாலை அப்படியே எழும்பி மேம்பாலமாகத் தண்டவாளத்தைத் தாண்டிப் போனது. கீழே கம்பிவேலி.

"அப்ப மாமா போட்டோவும் பழசுதான்மா. கேட்ட எடுக்குறதுக்கு முன்னாடி எடுத்தது."

பூங்காவனம் கமலாவைக் கூப்பிட்டாள். "புதுசுன்னுதான்கா நெனச்சேன். யாரு எப்ப எடுத்ததோ, யாருக்குத் தெரியும்?" என்றாள் கமலா.

இத்தனை நாளும் தம்பி எங்கே என்றுதான் அவள் தேடினாள். இப்போது தம்பி உயிரோடு இருக்கிறானா என்று ஒரு கேள்வி வந்தது. மறுநாள் தாம்பாளத்தைத் துலக்கினாள், வெற்றிலை வாங்கினாள், பெட்டியிலிருந்து ஒரு கார்டை எடுத்தாள்.

"நான் போறேன்."

"எங்க போவ? கேட்டே இப்ப இல்லயே."

"மரம் இருக்குல்ல. சாமி இருக்குல்ல. அக்கம்பக்கத்துல கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் கோதண்டபாணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். "தனியா விட்டா அந்தப் பொடியன் பின்னாடியே தாய்லாந்து வரைக்கும் போயிருவ நீ" என்றார்.

குவீன் ஸ்திரீட்டில் பஸ் ஏறி, பாலம் தாண்டி, லார்க்கின் பஸ் நிலையத்தில் வாடகைக் கார் பிடித்து, அந்த மேம்பாலத்துக்குக் கீழே இறங்கியபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. மரம் இருந்தது. சூலம் இருந்தது. பாலத்து நிழலில் குடை விரித்து, எலுமிச்சம்பழமும் மாலையும் விற்கிற ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒரு புது வேனும் இரண்டு மோட்டார் சைக்கிளும் பூசைக்குக் காத்து நின்றன.

பூங்காவனம் படத்தைக் காட்டினாள். "இவரு என் தம்பி. இங்கதான் பக்கத்துல எங்கயோ இருக்காரு. தெரியுமா?"

பழக்காரி படத்தை வாங்கிப் பார்த்தாள். "மொகம் ஞாபகம் இல்லையே கா. பக்கத்துலன்னு யாரு சொன்னா?"

"இங்கதான வண்டிப் பூசை போட்டுருக்காரு."

பழக்காரி சிரித்துவிட்டாள். "அக்கா, இந்த வேனு எங்கேருந்து வருது தெரியுமா? செகாமட். அந்த மோட்டாரு மூவார். முனியாண்டி வண்டிக்குக் காவல்னு எங்கெங்கேருந்தோ வருவாங்க. கேட்ட எடுத்தப்புறமும் வர்றாங்க. பக்கத்துல இருக்குறவங்க மட்டும் வந்தா நான் எப்படிப் பொழைக்கிறது?"

பூங்காவனத்துக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குவீன்ஸ்டவுனில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே முனீஸ்வரன் கோயில். ஈசூனிலிருந்தும் தெம்பனீசிலிருந்தும் மாலை போட்ட புதுக் கார்கள் அங்கே வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் காய்கறி வாங்கப் போகிறாள். அதில் ஒரு காராவது பக்கத்து புளோக் கார் என்று அவள் நினைத்ததுண்டா?

தாம்பாளத்தோடு அப்படியே மரத்தின் வேரில் உட்கார்ந்தாள். தண்டவாளத்தில் ஒரு ரயில் வந்தது. மணியில்லை, சிவப்பு விளக்கில்லை. திடீரென்று வந்து, வேலியை உலுக்கிவிட்டு, போய்விட்டது.

கோதண்டபாணி கொஞ்ச நேரம் மரத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவள் மடியிலிருந்த தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். கதிரேசன் நின்ற இடம் எது என்று பார்த்து, சூலத்துக்கு இந்தப் பக்கம், மரத்தை ஒட்டி நின்றார்.

"எடு."

"என்னத்த?"

"போட்டோ. அவன் படம் எந்த வழியா வந்துச்சோ அந்த வழியாவே இதையும் அனுப்பு. கமலாகிட்ட சொல்லி அந்தக் குழுவுல போடச் சொல்லு. நான் நிக்கிறது தெரியணும்."

அவள் எடுத்தாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நின்றார். படம் கிள்ளானுக்குப் போனது. பழக்காரி இரண்டு பேருக்கும் பாக்கெட்டில் இனிப்பான ரோஜா சிராப் தண்ணி வாங்கிக் கொடுத்தாள். அதைக் குடித்து முடிப்பதற்குள் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா."

குரல் கரகரத்திருந்தது. ஆனால் அதே 'அக்கா'.

"மச்சான் எதுக்கு அங்க தட்ட வச்சிக்கிட்டு நிக்கிறாரு?"

"ஒனக்குக் கார்டு வைக்கடா. நம்ம ரக்ஷனாவுக்குக் கல்யாணம்."

"அந்த மரத்தடி பூரா செவ்வெறும்பு. தள்ளி நிக்கச் சொல்லு" என்றான் கதிரேசன்.

"நீயே வந்து சொல்லு."

"சாமிகிட்ட வச்சிட்டுப் போங்கக்கா. அப்புறமா வந்து எடுத்துக்கிறேன்."

"சாமிக்கு வேற வச்சாச்சு. இது ஒன் கையில வாங்க வேண்டியது."

"நான் வர்றதுக்குள்ள சாயங்காலம் ஆயிரும். ஜொகூர்ப் பாலத்துல ஜாம் ஆயிரும். நீங்க நேரத்தோட கெளம்புங்க."

கோதண்டபாணி கையை நீட்டினார். அவள் கைப்பேசியைக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார், மறுபடியும் செருமினார்.

"மாப்ள, நிக்கிறோம். எவ்வளவு நேரமானாலும் நிக்கிறோம். நீ மெதுவா வா."

அவன் என்ன சொன்னானோ, அவர் சொல்லவில்லை. கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தபோது வேர்வை துடைக்கிற மாதிரி முகம் முழுவதையும் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார்.

நின்றார்கள். பழக்காரி ஸ்டூல் போட்டுக் கொடுத்தும் பூங்காவனத்தால் உட்கார முடியவில்லை. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும்போதெல்லாம் சாலைக்கு ஓடினாள். படத்தில் பார்த்த வண்டி அவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அந்த நிறமா, அந்தக் கைப்பிடியா என்று பார்த்தாள். ஒவ்வொன்றும் அவளைத் தாண்டிப் போனது. மரத்து நிழல் வேலி வரைக்கும் நீண்டது. வெற்றிலை வாடத் தொடங்கியது, தண்ணீர் தெளித்தாள். வருவானா? வருகிறேன் என்று அவன் வாயால் சொல்லவில்லையே. அவரிடம் சொன்னானா? கேட்கவும் பயமாக இருந்தது.

பழைய காய்கறி வேன் ஒன்று மேம்பாலத்துக்கு அடியில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடியும் சாலையைப் பார்த்தாள். கோதண்டபாணிதான் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினார்.

"பூங்காவனம், இங்க வா. சேந்து நில்லு."

வேனிலிருந்து இறங்கியவனுக்கு மொட்டைத் தலை. மீசை வெளுத்திருந்தது. மோட்டார் சைக்கிளை எந்தக் காலத்திலோ விற்றுவிட்டான் போல. அவன் நடந்து வந்த நடை மட்டும் செம்பவாங் தளத்திலிருந்து வேலை முடிந்து வருகிற தகப்பனார் நடை. அக்காளைப் பார்க்காமல், குனிந்து, மச்சான் காலைப் பார்த்தான்.

"கடிச்சிருச்சா?"

"நல்லா கடிச்சிருச்சு மாப்ள" என்றார் கோதண்டபாணி. "நீ மொதல்ல வாங்கிக்க. சொறிஞ்சிக்கணும்."

கதிரேசன் இரண்டு கையையும் நீட்டினான்.